தனிப் பாத்திரம்

ரொட்டியா அது? சாப்பிடுங்கம்மா, நல்லா சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம், ரயில்வண்டியில கைமாத்தி வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்ல. மடியில மட்டும் ஒரு துணிய விரிச்சுக்கிட்டியன்னா புண்ணியமாப் போவும். தூள் உதிருது பாருங்க. சீட்டு இடுக்குல போயிருச்சு. நீங்க விடுங்க, நான் எடுத்துருதேன். என்ன செய்ய, கை தானாப் போகுது. லண்டன்ல மகன் வீட்டுல ரொட்டித்தூள் பொறுக்கிப் பொறுக்கி இந்த வெரலு இப்படிப் பழகிப்போச்சு.

சிரிக்கிய. நெசமாத்தான் சொல்லுதேன். திருநெல்வேலி வாரதுக்கு இன்னும் நேரம் கெடக்கு, கேட்டுக்கிடுங்க. யாருகிட்டயாவது சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் தீரும்.

எனக்கு ரெண்டு பையங்க. மூத்தவன் சங்கரலிங்கம், என்கூட திருநெல்வேலி டவுன்லயே இருக்கான். இளையவன் காந்திமதிநாதன், லண்டன்ல வேலை. அங்க அவனை எல்லாரும் நேட்டுங்காவ. அம்மன் பேரையும் சாமி பேரையும் சேத்து வச்சேன், அது நேட்டாப் போச்சு. கட்டுனது யூதப் பொண்ணு, லியான்னு பேரு. குறை சொல்லக் கூடாது, சிரிச்ச மொகம். மாசமா இருக்கா. அதுக்குத்தான் நான் போனது. பேறுகால மருந்துக்குச் சாமான் எல்லாம் வறுத்து இடிச்சு, டப்பா டப்பாவாக் கட்டிக்கிட்டுப் போனேன். பேரனோ பேத்தியோ, பொறந்ததும் மொதல்ல என் கையில வாங்கணும். எனக்கு அந்த ஒரு ஆசைதான். வேற ஒண்ணுமே இல்ல.

போயிக் கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்தப் பண்டிகை வந்துச்சு. பஸ்கான்னு வேதக்காரவ பைபிள்ல படிப்பாவல்லா, அது. நீங்க வேதமா? பாளையங்கோட்டைன்னதும் நெனச்சேன். அப்ப உங்களுக்கே தெரியும், புளிச்ச மாவு ஆகாது. ரொட்டி, பிஸ்கட், ரவை, சேமியா, கோதுமை பட்டது ஒண்ணும் அந்த ஒரு வாரத்துக்கு ஆகாது. சரி, திங்காம இருந்துட்டுப் போங்க, யாரு வேண்டாம்னா? நாம வெரதம் இருக்கலையா. ஆனா திங்காம இருந்தாப் பத்தாதாம். வீட்டுலயே இருக்கக் கூடாதாம். தூளு கூட.

வழக்கமா விருந்து சம்பந்தியம்மா வீட்டுலதான். ஜூடித்துன்னு பேரு, வீட்டுக்காரர் இல்ல, என்னைய மாதிரித்தான். இந்த வருசம் அவங்க வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டிருக்கு. அதனால மகள் வீட்டுல. மகளுக்கு அப்படி ஒண்ணும் ஆசாரம் கெடையாது, எல்லாம் அம்மைக்காகத்தான். வந்தாவ பாருங்க சம்பந்தியம்மா, கையில ஒரு வாளி, பல்குச்சி டப்பா ஒண்ணு. பல்லு குத்தவா? இல்ல, அடுப்பு இடுக்குல குத்திக் குத்தி ரொட்டித்தூள் எடுக்க. பிரிட்ஜுக் கதவுல ரப்பர் இருக்கும்லா, அதை விரிச்சு உள்ள ஒரு பிரஷ்ஷப் போட்டுத் தேய்க்காவ. கோட்டுப் பையெல்லாம் வெளிய இழுத்து உதறுதாவ. புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சு ஆட்டுதாவ. புஸ்தகத்துல யாரு இட்லி சுடுதா?

அதுகூடப் பரவால்லம்மா. இன்னொரு கூத்து இருக்கு. பண்டிகைக்கு ரெண்டு வாரம் கெடக்கு, அதுவரைக்கும் சாப்பிடணும்லா? இன்னைக்கு இந்த மேடைய வெந்நி ஊத்திக் கழுவி, வெள்ளிக் காயிதம் ஒட்டியாச்சுன்னா, அதுல ரொட்டி வைக்கக் கூடாது. நாளைக்கு அந்த அலமாரி. மறுநாள் பாத்திரம் கழுவுத அங்கணம். ரொட்டிக்கு எடம் சுருங்கிக்கிட்டே வருது. ஆனா வீட்டுல வாங்கி வச்ச மாவும் சேமியாவும் வீணாப் போயிருமேன்னு மூணு வேளையும் அதைத்தான் திங்காவ. துரத்துத சாமானையே மூக்கு முட்டத் திங்கிற சனங்கள நான் அங்கனதான் பாத்தேன். என் மகன் மாடிப்படியில உக்காந்து ரொட்டி தின்னான். அப்புறம் மாடிப்படியும் சுத்தமாயிட்டு, கார்ல உக்காந்து தின்னான். அப்புறம் காரையும் தொடச்சுட்டாவ. மாசமா இருக்குத பிள்ள தோட்டத்துல, தூத்தல்ல, குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு பிஸ்கட் திங்கா. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். ஏல நாதா, இது என்ன கோட்டித்தனம்னேன். சும்மா இரும்மா, ஒரு வாரந்தான்னான்.

எனக்கும் வந்துச்சு வெனை. என் இட்லி மாவும் ஆகாதுன்னுட்டாவ. அதுல எங்க கோதுமை இருக்குன்னு கேட்டேன். அரிசி, உளுந்து, பருப்பு எதுவுமே அவங்க ஆளுகளுக்கு அந்த வாரம் ஆகாதாம். ஏன் ஆகாது? பழக்கமாம். தலைமுறை தலைமுறையா வார பழக்கமாம். அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? பழக்கம்னா பழக்கந்தான்.

என்னைய கொண்டுபோயி கராஜுல விட்டாவ. கார் நிறுத்துத கொட்டகைம்மா. ஒரு கரண்டு அடுப்பு, என் தோசைக்கல்லு, மாவுச் சட்டி, ரொட்டி சுடுத மிசினு, எல்லாத்தையும் அங்கன கொண்டு வச்சாச்சு. உக்கார ஒரு பெயிண்டு டப்பா. பேறுகாலம் பாக்க வந்த பெத்த தாயி, பெயிண்டு டப்பா மேல உக்காந்து தோச சுடுதா. நான் உள்ள வந்தா, கைய மொழங்கை வரைக்கும் கழுவிட்டு வரணும். சேலை முந்தியில தூள் ஒட்டியிருக்கான்னு ஒரு பார்வை வேற. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசிய அடுக்களைக்குள்ள விடாம வெளிய வச்சு, இது அடுக்குமா?

மூத்த மருமகளா? அவ புறவாசல்ல இறக்கியிருக்க சாய்ப்புலதான் சமைப்பா. அது வேறம்மா. அவ வேற ஆளுக. முத்துச்செல்வின்னு பேரு. சங்கரன் இழுத்துக்கிட்டு வந்து நின்னான், நான் என்ன வெளியவா தள்ளுனேன், சேத்துக்கிட்டேன்லா. அடுக்களைக்குள்ள மட்டும் வரப்புடாது, அவ்வளவுதான். அவளுக்குன்னு தட்டு, தம்ளரு, கேஸ் அடுப்பு எல்லாம் புதுசா வாங்கிக் குடுத்திருக்கேன். இத்தனை வருசத்துல ஒரு வார்த்த எதுத்துச் சொன்னதில்ல. சொல்லுததுக்கு என்ன இருக்கு? சாய்ப்புல நல்லாக் காத்து வரும். கராஜுல பெட்ரோல் வாடையில்லா வருது.

பண்டிகைக்கு மொத நாளு சாயங்காலம் இன்னொரு கூத்து. வீட்டையே கண்ணாடி மாதிரித் தொடச்சாச்சு. இப்ப சம்பந்தியம்மா என்ன செய்தாவ, ரொட்டிய சின்னச் சின்னத் துண்டாக்கிப் பொட்டலங் கட்டி வீடெல்லாம் ஒளிச்சு வைக்காவ. அப்புறம் எல்லாருமா மெழுகுதிரியும் இறகும் வச்சுக்கிட்டுத் தேடணுமாம். இவங்களே ஒளிச்சு, இவங்களே தேடி, கண்டுபிடிச்சுட்டோம்னு சந்தோசப்படணும். தேடுனாவ தேடுனாவ, ஒரு துண்டக் காணும். என் மகன் சோபாவுக்கு அடியில படுத்துக் கெடக்கான். இங்க கோயில் கொடைக்குக்கூட அவன் குனிஞ்சு கும்பிட்டதில்ல. அந்தத் துண்டு சன்னல் திண்டுல இருந்துச்சு, நான்தான் குப்பைன்னுட்டு மத்தியானமே தூக்கித் தோட்டத்து அணிலுக்குப் போட்டேன். எனக்கு யாரு சொன்னா? சுத்தம் செய்யுங்கன்னாவ, செஞ்சேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

என் வீட்டுக்காரவுக டவுன்ல பெருங்காயக் கடை வச்சிருந்தாவ. வாங்கி விக்கிற கடை இல்ல, செஞ்சு விக்கிற கடை. தேரடி திரும்பும்போதே வாடை வரும். அவுக சட்டை, தலகாணி, நான் கட்டுன சேலை, எல்லாத்துலயும் அந்த வாடைதான். அவுக போயி மூணு வருசமாச்சு. கடைசியா அவுக கையால பிசைஞ்ச கட்டியில ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கு. எப்பவும் இடுப்புச் சுருக்குப்பையில வச்சிருப்பேன். பொடி, பருப்பு, எல்லாத்தையும் கராஜுக்குக் கொண்டுபோன்னாவ, கொண்டுபோனேன். இதைக் கொண்டுபோகல. பெருங்காயம் என்ன மாவா? அது வாசனை. அதுவும் அவுக வாசனை. அதைக் கொண்டுபோயி கார் எண்ணெய்க்குப் பக்கத்துல வைக்க எனக்கு மனசு வரல.

விருந்தன்னைக்குக் கோழி சூப்புதான் அவங்களுக்கு முக்கியம். நான் சைவம்லா, எனக்குன்னு தனியா ஒரு சட்டியில காய்கறி சூப்பு வச்சிருந்தாவ சம்பந்தியம்மா. அவங்க அம்மை வச்சிருந்த சட்டியாம், கோழி படாத சட்டி, வருசத்துக்கு இந்த ஒரு வாரந்தான் மச்சுல இருந்து எறக்குவாவளாம். பழைய சட்டி, கைப்பிடி ஆடுது. ஏதோ வச்சாவ. எட்டிப் பாத்தேன். கேரட்டு, கோசு, கிழங்கு, தண்ணி. உப்பும் கெடையாது, ஒறப்பும் கெடையாது. ஆசுபத்திரிக் கஞ்சி தோத்துச்சு. அடுக்களையில யாருமில்ல. சுருக்குப்பைய அவுத்து, ஒரு கிள்ளு கிள்ளிப் போட்டேன். கொதிச்சுது பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

மேசைக்கு வந்து உக்காந்தா, சாப்பாட்டைக் கண்ணுல காட்டுனாத்தானே. ஒரே பாராயணம். எகிப்துல அடிமையா இருந்தோம்னு ஆளாளுக்கு வாசிக்காவ. சம்பந்தியம்மா தம்பி ஒருத்தர், சைமன்னு, தாடி வச்சவரு, அவரு ராகம் போட்டு இழுக்காரு. அப்பளத்துக்கு உப்புப் போட மறந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு ரொட்டி. பெறகு முட்டை, பெறகுதான் சூப்பு.

லியாவுக்கு மாசக்கணக்கா பிஸ்கட்டு ரொட்டியத் தவிர எதுவும் உள்ள போகாது. கோழி வாடை கண்டாலே ஓடிருவா. அன்னைக்கு என் கிண்ணத்துல இருந்து ஆவி வந்துச்சு பாருங்க, திரும்பிப் பாத்தா. எட்டி ஒரு கரண்டி எடுத்துக் குடிச்சா. இன்னொரு கரண்டி. அப்புறம் கிண்ணத்தையே இழுத்து வச்சுக்கிட்டா. சம்பந்தியம்மாவுக்கு மொகமெல்லாம் பூரிப்பு. மக சாப்பிடுதாள்ளா. அவங்களும் ஒரு வாய் குடிச்சாவ, சைமனும் குடிச்சாரு. என் பக்கம் திரும்பி, பிரமு, இதுல என்ன போட்டீங்கன்னு கேட்டாவ. என் பேரு பிரமு. அவங்க வாயில அது பிராமூன்னுதான் வரும்.

நான் போயி இத்தனை நாள்ல அந்த மேசையில என்னைய ஒருத்தரு ஒரு கேள்வி கேட்டது அன்னைக்குத்தான். நெஞ்சு நெறைஞ்சு போச்சு எனக்கு. கட்டிய எடுத்து மேசையில வச்சேன். மோந்து பாருங்கன்னேன். இது என் வீட்டுக்காரவுக செஞ்சது, எப்படிச் செய்யுததுன்னு சொல்லுதேன், நீ இங்கிலீசுல சொல்லுல நாதான்னேன். காபூல்ல இருந்து பால்காயம் வரும்னேன், சொன்னான். மரத்துல இருந்து வடியுத பாலு மாதிரின்னேன், சொன்னான். தண்ணியில ஊற வச்சு, பிசின் போட்டுன்னேன், சொன்னான். மைதா மாவு போட்டு நல்லாப் பிசைஞ்சு, ஊற வச்சு, உருட்டி எடுக்கணும்னேன். பய வாய மூடிட்டான்.

என்னையப் பாக்கான், பொண்டாட்டியப் பாக்கான். என்னல நிறுத்திட்டேன்னேன். அப்புறம் ஏதோ ரெண்டு வார்த்த சொல்லி முடிச்சுட்டான். நான் அவ்வளவு சொன்னேன், அதுல கால்வாசி இல்ல. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். அப்பா தொழிலைச் சொல்ல இவனுக்கு வெக்கமா இருக்கு, வெள்ளைக்காரவ முன்னாடி வெக்கமா இருக்குன்னு நெனச்சேன். எனக்கு இங்கிலீசு தெரியாதா என்ன? கடையில சரக்கு மூட்டையில எழுதியிருக்கதை எத்தனை வருசம் படிச்சிருக்கேன். கையால பிசையுத மாதிரி காட்டி, சத்தமாச் சொன்னேன், வீட் ப்ளவர்னு. யாருக்கும் கேக்காமப் போயிரக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்.

சைமன் தாடியில சூப்பு சொட்டுது, தொடைக்கக் கூட இல்ல. சம்பந்தியம்மா கரண்டிய மெதுவாக் கீழ வச்சாவ. லியா வாயில கரண்டி அப்படியே நிக்கி. அப்புறம் அவதான் சிரிச்சா. சிரிப்புன்னா அடக்க முடியாத சிரிப்பு, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. வேற யாரும் சிரிக்கல.

அப்புறம் என்ன, எல்லாத்தையும் எடுத்தாச்சு. கிண்ணம், கரண்டி, அகப்பை, அந்தப் பழைய சட்டி, எல்லாம் போச்சு. எங்க போச்சு? என் கராஜுக்குத்தான். காயிதத் தட்டுல அவிச்ச கெழங்கையும் அந்த ரொட்டியையும் தின்னுட்டுப் படுத்தோம். சம்பந்தியம்மா ஒரு வார்த்த திட்டலை. அந்தச் சட்டிய மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சு அவங்களே கொண்டுபோனாவ. மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஒரு ஓட்டைச் சட்டிக்கு இம்புட்டுத் துக்கமா? அத்தனை பேரு குடிச்சாவ, யாருக்காவது வயித்தால போச்சா? ஒரு கிள்ளு மைதா. புளிக்கக்கூட அதுக்குத் தெரியாது. சாத்திரம் பாக்க வேண்டியதுதான், அதுக்காக மனுசரு மனசு நோக அப்படியா பாக்கணும்?

மறுநா காலையில நான் கராஜுல தோச சுட்டுக்கிட்டிருக்கேன், சம்பந்தியம்மா ஒரு நாற்காலியத் தூக்கிக்கிட்டு வாராவ. என்னைய அதுல உக்காரச் சொல்லிட்டு, பெயிண்டு டப்பாவுல அவங்க உக்காந்துக்கிட்டாவ. நான் சாப்பிட்டு முடிக்குத வரைக்கும் சும்மா உக்காந்திருந்தாவ. அவங்களால அங்க ஒரு வாய் திங்க முடியாது, அப்புறம் எதுக்கு வரணும்? வேவு பாக்கத்தான். ஒண்ணு மட்டும், எந்திரிக்கும்போது பெருங்காயக் கட்டியக் காட்டி, உங்க வீட்டுக்காரரு பேரு என்னன்னு கேட்டாவ. நாம பேரு சொல்லுவமா? நான் சொல்லல. தினமும் வந்தாவ, பண்டிகை முடியுத வரைக்கும். வேவு பாக்கதுக்கும் ஒரு அளவு இல்லையாம்மா?

அதையும் பொறுத்துக்கிட்டேன். பண்டிகை முடிஞ்சு, என்னையும் என் மாவுச் சட்டியையும் உள்ள கூப்பிட்டாவ பாருங்க, அன்னைக்குத்தான் தாங்கல. அடுப்புக்கு வலது பக்கம், கைக்கெட்டுத ஒசரத்துல, நல்ல அலமாரி ஒண்ணு. அதைக் காலி பண்ணி, உள்ள அடுக்கி வச்சிருக்காவ. சட்டி, வாணலி, கரண்டி, தட்டு, தம்ளரு, எல்லாம் புதுசு. கூட அந்த ஓட்டைச் சட்டியையும் கழுவி வச்சிருக்காவ, தீட்டுப்பட்டதை என் தலையில கட்டியாச்சு. அதுக்கு மேல கதவுல என் பேரு. தமிழ்ல. கோணல் மாணலா, பிரமுன்னு. நாதன்கிட்டக் கேட்டு எழுதிப் பழகுனாவளாம். யாரும் மாத்தி எடுத்துறக் கூடாதுன்னு பேரு எழுதி ஒட்டியாச்சு எனக்கு.

நாதன் சொல்லுதான், அம்மா, இது உனக்காக வாங்குனது, அடுத்த வருசம் நீயும் கராஜுக்குப் போகாம இங்கயே எங்களோட நின்னு சமைக்கணும்னு அவங்க ஆசைப்படுதாங்கன்னு. அவனுக்கு என்ன தெரியும், கூறு கெட்டவன். தனிப் பாத்திரம்னா என்னன்னு எனக்கா தெரியாது? நான் வாங்கிக் குடுத்ததில்லையா? புதுசா, நல்லதா, பளபளன்னுதான் வாங்கிக் குடுப்போம். எதுக்கு வாங்கிக் குடுக்கோம்னு குடுக்குதவளுக்குத்தானே தெரியும்?

அன்னைக்கே சொல்லிட்டேன், டிக்கெட்டை மாத்துலன்னு. பேறுகாலத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மான்னு அழுதான். சம்பந்தியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னவோ சொன்னாவ, நான் கேக்கல. எரோப்ளேன் ஏறப் போகும்போது லியா என் கைய எடுத்து அவ வயித்துல வச்சா. பிள்ள ஒரு ஒத ஒதச்சுது. இந்தக் கையிலதான். அங்கன நான் அழல. ஏறி உக்காந்து பெல்ட்டு போட்டப் பெறகு அழுதேன், பக்கத்துல இருந்தவன் பயந்து அந்தப் பொண்ணக் கூப்பிட்டுட்டான். இனி மொதல்ல கையில வாங்கப் போறது யாரு? சம்பந்தியம்மாதான். மருந்து டப்பாவெல்லாம் அங்கனதான் வச்சுட்டு வந்திருக்கேன். எப்படிக் கிண்டணும்னு யாருக்குத் தெரியும்?

இருங்கம்மா, போன் அடிக்கி. மூத்தவதான்.

ஆங், சொல்லு முத்துச்செல்வி. மதுர தாண்டியாச்சு. ஆமா. சங்கரன் வருவானா டேசனுக்கு? நீயா வாரே? சரி. என்னது? வேண்டாம். வேண்டாம்ளா, நான் வந்து தலைக்கு ஊத்திட்டு நானே போட்டுக்கிடுதேன். சொன்னாக் கேளு. வைக்கட்டா.

என்னத்தச் சொல்லுதாங்கியளா? அத்தை அலுத்து வாரிய, அடுக்களையத் தொறந்து கழுவி விட நேரமாவும், வந்ததும் குடிக்க சாய்ப்புல காப்பி போட்டு வைக்கேன், உங்களுக்குன்னு ஒரு புதுத் தம்ளரு வாங்கி வச்சிருக்கேன், யாரும் வாய் வைக்கலங்கா.

இவளும் ஆரம்பிச்சுட்டா பாருங்க.

உங்க பக்கத்துல அவுத்து வச்சேன்லா, அந்தச் சுருக்குப்பைய இங்கன தாங்கம்மா. இல்ல, பெருங்காயம் பத்திரமாத்தான் இருக்கும். அடுக்களைச் சாவி அதுல இருக்கான்னு பாக்கணும். லண்டனுக்குப் போகும்போது பூட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வீட்டுல ஆளு இருக்குல்லா.